காலநிலைக் கல்வியும் தோன்றா எழுவாயும்

தமிழ்ப்பாட ஆசிரியர் எவருக்கும் ‘சுற்றாடலைப் பாதுகாப்போம்’ என்னும் கட்டுரைத் தலைப்பு புதியதன்று. ஆண்டுதோறும் அதனை நாம் கொடுக்கிறோம். ஆண்டுதோறும் மாணவர் எழுதுகின்றனர். மரங்களின் பெருமையோடு முன்னுரை தொடங்கும். மனிதனின் பேராசை இயற்கையைப் பாழாக்கிவிட்டது என்று நடுப்பகுதி கூறும். மரம் நடுவோம், பொலித்தீனைத் தவிர்ப்போம், மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துவோம் என்று முடிவுரை சூளுரைக்கும். எழுத்துப்பிழை குறைவாயிருப்பின் இருபதுக்குப் பதினாறு புள்ளி வழங்கி நாமும் கடமையை முடித்துக்கொள்வோம்.

வன்னிப் பகுதியிலே நாம் கற்பிக்கும் பாடசாலையில், சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தை மாதத்தில் இந்த ஒழுங்கு குலைந்தது. காலபோக நெல் முற்றி அறுவடைக்குக் காத்திருந்த வேளையில், ஓய்ந்திருக்கவேண்டிய மழை பெருமழையாய்ப் பெய்தது. சாய்ந்த கதிர்கள் நீரிற் கிடந்து முளைவிட்டன. அடுத்த வாரம் பத்தாம் வகுப்பிலே கட்டுரைக் கொப்பிகளைத் திருப்பிக் கொடுத்தபோது, பதினாறு புள்ளி பெற்ற மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். “நாங்கள் காடு வெட்டேல்லை. எங்கட அப்பாட்டை ஒரு சைக்கிள்தான் இருக்கு. பிறகேன் சேர் எங்கட வயல் அழிஞ்சது?” என்று கேட்டான்.

இது உலகம் முழுவதற்கும் பொதுவான பிரச்சினை, இதில் எல்லோருக்கும் பங்குண்டு என்று ஏதோ கூறினோம். அவன் அமர்ந்துவிட்டான். ஆனால், அவன் கேட்டது விஞ்ஞானக் கேள்வி மட்டுமன்று, நீதியைப் பற்றிய கேள்வி என்பதும், அதற்கு நாம் விடை கூறவில்லை என்பதும் எமக்குத் தெரிந்தேயிருந்தன. காலநிலை மாற்றத்தை மாணவருக்குக் கற்பிக்கும்போது உண்மையில் நாம் எதைக் கற்பிக்கிறோம்? ஒரு பௌதிக உண்மையையா, ஒரு நல்லொழுக்கத்தையா, அல்லது பிறர் செய்த பிழைக்கான குற்ற உணர்வையா? கடந்த முப்பது ஆண்டுகளாக இத்துறையில் நடைபெற்றுவரும் கல்வி ஆராய்ச்சிகளின் போக்கை இக்கேள்வியை உரைகல்லாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். ஒரு தனி மழையைச் சுட்டிக்காட்டி, இது காலநிலை மாற்றத்தின் விளைவே என்று கூறிவிடுவது விஞ்ஞானமாகாது. ஆனால் வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு உயரும்போது காற்று தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு கூடுகிறது. ஆதலாற் பெருமழைகள் மேலும் கடுமையாகும் வாய்ப்பும் மிகுகிறது. இந்த அறிவு நேற்று முளைத்ததன்று. காபனீரொட்சைட்டு போன்ற வாயுக்கள் வெப்பத்தை உறிஞ்சுவதை ஜோன் டின்டால் 1859 இலே பரிசோதனை மூலம் காட்டினார். அவ்வாயுவின் பெருக்கம் புவியின் வெப்பநிலையை எவ்வளவு உயர்த்தும் என்று சுவீடனைச் சேர்ந்த அரேனியஸ் 1896 இலே கணக்கிட்டார். 1958 இல் சாள்ஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையிலே தொடர்ச்சியாக அளக்கத் தொடங்கியபோது, காற்றின் ஒரு மில்லியன் பங்கில் ஏறத்தாழ 315 பங்காயிருந்த காபனீரொட்சைட்டு, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. கைத்தொழிற் புரட்சிக்கு முன் அது 280 பங்களவிலேயே இருந்தது.

உலகின் மாபெரும் எண்ணெய்க் கம்பனிகளும் இதனை அறிந்திருந்தன. எக்சன் கம்பனியின் விஞ்ஞானிகள் 1977 முதல் 2003 வரை தயாரித்த எதிர்வுகூறல்கள், பின்னர் நிகழ்ந்த வெப்ப உயர்வைப் பெரும்பாலும் சரியாகவே கூறியிருந்தன என்பதை 2023 இலே ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. வெளியே அக்கம்பனி ஐயத்தைப் பரப்பிக்கொண்டிருந்த காலமும் அதுவே. எனவே, அறியாமையே இந்நெருக்கடியின் மூலகாரணம் என்று கொள்வதற்கு வரலாறு இடந்தரவில்லை. அவ்வாறிருந்தும், இதற்கான பரிகாரங்களுள் ஒன்றாகக் கல்வியே மீண்டும் மீண்டும் முன்வைக்கப்பட்டுள்ளது. 1992 இல் உருவான ஐக்கிய நாடுகளின் காலநிலை மாற்ற உடன்படிக்கையின் ஆறாம் உறுப்புரையும், 2015 இன் பாரிஸ் உடன்படிக்கையின் பன்னிரண்டாம் உறுப்புரையும் மக்களுக்குக் கல்வியூட்டும் பொறுப்பை அரசுகளுக்கு விதிக்கின்றன. நல்லதே. ஆனால் அறிந்தவன் செய்த பிழைக்கு அறியாதவனைப் படிப்பிப்பது எங்ஙனம் மருந்தாகும் என்ற ஐயமும் இங்கேதான் தோன்றுகிறது.

ஆராய்ச்சியின் முதற் கட்டம் மாணவரின் பிழையான விளக்கங்களை ஆராய்வதாய் அமைந்தது. இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொய்ஸ், ஸ்டானிஸ்ட்ரீட் ஆகிய இருவரும் 1993 இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் முன்னோடியானது. மாணவர் பலர் ஓசோன் படையில் ஏற்பட்ட துவாரத்தினூடாக வெப்பம் உள்ளே நுழைவதாலேயே புவி வெப்பமடைகிறது என்று எண்ணுவதையும், ஈயம் கலவாத பெற்றோலைப் பயன்படுத்தினால் வெப்ப உயர்வு குறையும் என்று நம்புவதையும் அவர்கள் கண்டனர். பின்னர் பல நாடுகளிலும் இவ்வாறான குழப்பமே காணப்பட்டது. எமது வகுப்பறையிலும் ஓசோனும் பச்சைவீட்டு விளைவும் ஒன்றோடொன்று பிணைந்தே கிடக்கின்றன. பிணக்கை அவிழ்த்துக் காட்டுவது ஆசிரியர் கடமை. அதிற் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

எனினும் இவ்வாராய்ச்சிகளின் அடியிலே சொல்லப்படாத ஓர் எடுகோள் கிடந்தது. சரியாக அறிந்தால் சரியாக நடப்பர் என்பதே அது. 2002 இல் கொல்மஸ், அகிமான் ஆகியோர் எழுதிய கட்டுரை இந்த எடுகோளைக் கடுமையாகச் சோதித்தது. அறிவுக்கும் நடத்தைக்குமிடையே நேர்ப்பாதை இல்லை. பொருளாதார நிலை, சமூக வழக்கங்கள், அரசியல் அமைப்பு, கையிலுள்ள வசதி, மனத்தின் விழுமியங்கள் ஆகிய அனைத்தும் இடையே நிற்கின்றன என்று அவர்கள் காட்டினர்.

இதனை நிறுவ எமது நாட்டினருக்கு ஆய்வுக் கட்டுரை வேண்டியதில்லை. பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி காலை, மலை சரிந்து லயன் அறைகளை மண்ணுள் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானது என 2005 இலும் 2011 இலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. அறிவு இருந்தது, எச்சரிக்கை இருந்தது. ஆனால் தலைமுறை தலைமுறையாக உழைத்த மண்ணிலே ஒரு துண்டு நிலத்துக்கும் உரிமையற்ற தொழிலாளி, எச்சரிக்கையைக் கையிலேந்தி எங்கே போவான்? 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த பெருமழையில் நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டபோதும், மலைநாட்டு மாவட்டங்களே மிகப் பெரும் உயிரிழப்பைக் கண்டன. மண்சரிவுக்குக் காரணங்கள் பல; அவை அனைத்தையும் காலநிலையின் தலையிற் சுமத்துதல் பொருந்தாது. ஆனால் ஆபத்தை அறிவதும் ஆபத்திலிருந்து அகல முடிவதும் வெவ்வேறு விடயங்கள் என்பதும், இரண்டுக்கும் இடையே நிலமும் கூலியும் நிற்கின்றன என்பதும் இங்கு மனங்கொளத்தக்கன.

அறிவு மட்டும் போதாது என்று கண்ட ஆராய்ச்சி அடுத்துச் சென்ற திசை யாது? மாணவரின் பழக்கவழக்கங்களை மாற்றுவது எப்படி என்பதே அது. மின்குமிழை அணைத்தல், குப்பையைத் தரம்பிரித்தல், குளிக்கும் நீரைக் குறைத்தல் என ஒவ்வொருவரும் செய்யத்தக்கவை பட்டியலிடப்பட்டன. 2017 இல் வைன்ஸ், நிக்கலஸ் ஆகிய இருவரும் கனடாவின் உயர்பாடசாலை விஞ்ஞானப் பாடநூல்கள் பத்தினை ஆராய்ந்து, அவை பரிந்துரைக்கும் செயல்களிற் பெரும்பாலானவை மிகச் சிறிய பயனையே தருபவை என்றும், விமானப் பயணத்தையும் மோட்டார்க் காரையும் தவிர்த்தல் போன்ற பெரும் பயன் தருவன அருகியே காணப்படுகின்றன என்றும் காட்டினர். செல்வ நாட்டின் பாடநூலே தன் மாணவரின் செல்வத்தைத் தொடத் தயங்குகிறது. அப்பாடநூலின் பட்டியலை நாம் எமது மொழியிலே பெயர்த்து, ஒற்றை மின்குமிழ் எரியும் வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து, அதையும் அணைத்துவிடு என்கிறோம்.

தனிமனிதனின் ‘காபன் அடிச்சுவடு’ என்னும் தொடர் இன்று பாடசாலைகளிலும் புழங்குகிறது. ஆய்வாளரிடையே வழங்கிய இக்கருத்தைப் பொதுமக்களிடையே பரப்பியதிற் பெரும்பங்கு 2000 களின் நடுப்பகுதியிலே பிரித்தானியப் பெற்றோலியம் என்னும் எண்ணெய்க் கம்பனி நடத்திய விளம்பர இயக்கத்துக்கே உரியது. எண்ணெய் அகழ்ந்து விற்பவர், வாங்கியவனைப் பார்த்து உன் சுவடு எவ்வளவு என்று கேட்கிறார்! நல்லொழுக்கத்தைப் போதிப்பதற்கு எவருக்கும் உரிமையுண்டு. ஆனால் யார், யாருக்கு, எந்த நலனை முன்னிட்டுப் போதிக்கின்றனர் என்பதைக் கேளாத ஆசிரியன் அறியாமலே மற்றொருவரின் விளம்பரகாரனாகிவிடுகிறான்.

எண்களைச் சற்று நோக்குவோம். 1990 முதல் 2015 வரையான இருபத்தைந்து ஆண்டுகளில் வெளியான காபனீரொட்சைட்டில் நூற்றுக்கு 52 பங்கு உலகின் செல்வந்தரான பத்திலொரு பகுதியினரின் நுகர்வால் விளைந்தது என்றும், உலக மக்களிற் பாதியினரான வறியோரின் பங்கு நூற்றுக்கு 7 மட்டுமே என்றும் ஒக்ஸ்பாம் நிறுவனம் 2020 இல் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது. இன்று ஐக்கிய அமெரிக்காவில் ஆளொருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 14 தொன் காபனீரொட்சைட்டு வெளியாகிறது. இலங்கையில் ஏறத்தாழ 1 தொன். இலங்கையரின் ஒரு தொன் என்பதும் சராசரியே. குளிரூட்டிய மாளிகையும் வெள்ளத்தில் முளைவிட்ட நெல்லும் அந்தச் சராசரியிலே அருகருகே கலந்து மறைந்துவிடுகின்றன.

இங்கேதான் தமிழாசிரியருக்கு ஒரு பணி காத்திருக்கிறது என்று நாம் கருதுகிறோம். இலக்கண வகுப்பிலே ‘தோன்றா எழுவாய்’ பற்றிக் கற்பிக்கிறோம். ‘காட்டை அழித்துவிட்டனர்’ என்ற வாக்கியத்தில் வினையுண்டு, செயப்படுபொருளுண்டு; அழித்தவர் யாவர் என்பது வெளிப்படவில்லை. ‘காற்று மாசாக்கப்பட்டது’ என்னும் செயப்பாட்டு வாக்கியத்திலோ செய்த கருத்தா முற்றாகவே மறைந்துபோகிறான். மூன்றாவதாக, ‘மனிதனின் பேராசை உலகை அழித்தது’ என்பது எழுவாய் இருப்பதுபோலத் தோற்றுவித்து அதனை மறைக்கும் தந்திரமான வாக்கியம். எந்த மனிதன்? கம்பனியின் பங்காளனா, தேயிலை கிள்ளுபவளா, வெள்ளத்தில் கதிர் பொறுக்கியவனா? ‘மனிதன்’ என்ற பொதுச்சொல்லிலே வர்க்கமும் நாடும் நூற்றாண்டுகளும் கரைந்துவிடுகின்றன. அந்தப் பதினாறு புள்ளிக் கட்டுரையை எழுதியவன் மாணவன். ஆனால் அவனது வாக்கியத்திலிருந்து எழுவாயை நீக்கப் பழக்கியவர்கள் நாமே.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழுதல் இயல்பு, அது நேர்மையானதும்கூட. பிழை முழுவதும் மேலைநாட்டு முதலாளிகளுடையது என்று கூறிவிட்டால், எமது மாணவன் கைகட்டி நிற்கும் பார்வையாளனாகிவிட மாட்டானா? உண்மைதான். குற்றவாளியைச் சுட்டியவுடன் கடமை முடிந்தது என்று எண்ணும் பழக்கம் முற்போக்காளரிடையேயும் உண்டு. 2011 இலிருந்து இயங்கும் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை எரிப்பவர் நாமே. எமது ஆறுகளில் மணலை அள்ளுவோர் அயல்நாட்டார் அல்லர். சமதர்மம் பேசிய சோவியத் ஆட்சி, பருத்திச் செய்கைக்காக 1960 களிலிருந்து ஆறுகளைத் திருப்பி, ஏரல் கடலை வற்றச் செய்ததையும் மறைப்பதற்கில்லை. உற்பத்திப் பெருக்கமே விடுதலை என்று எண்ணிய அத்தவறிலிருந்து கற்றுக்கொள்ளாதவன் பிறரது தவறைச் சுட்டும் தகுதியை இழக்கிறான். எழுவாயைத் தேடுவது பழிபோடுவதற்காக அன்று. யார் எதைச் செய்ய வல்லவர், யார் எதற்குப் பொறுப்பானவர் என்பதை அளவறிந்து கூறுவதற்காகவேயாம். வாக்கியத்தின் எழுவாய் பன்மையாகவும் இருக்கலாம். அதில் ‘நாம்’ என்பதும் ஓர் இடத்தைப் பெறலாம். ஆனால் அந்த ‘நாம்’ எவ்வளவு என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஆராய்ச்சியின் மூன்றாவது திசை உணர்வுகளைப் பற்றியது. 2021 இல் ‘லான்செட்’ குழும மருத்துவ சஞ்சிகையொன்றில் வெளியான ஆய்விலே, இந்தியா, நைஜீரியா, பிலிப்பைன்ஸ் உட்படப் பத்து நாடுகளைச் சேர்ந்த 16 முதல் 25 வயதுக்குட்பட்ட பத்தாயிரம் இளையோர் வினவப்பட்டனர். காலநிலை மாற்றத்தைக் குறித்து மிகுந்த கவலை கொண்டுள்ளதாக நூற்றுக்கு 59 பேர் கூறினர். எதிர்காலம் அச்சந்தருகிறது என்றோர் நூற்றுக்கு 75 பேர். அப்படியாயின் வகுப்பறையில் உண்மையைக் கூறுதல் கொடுமையா? நம்பிக்கையூட்டுதற் பொருட்டு உண்மையை மென்மையாக்கலாமா?

சுவீடனைச் சேர்ந்த மரியா ஓயாலா 2012 இல் வெளியிட்ட ஆய்வு இவ்வினாவுக்குப் பெரிதும் உதவுகிறது. இளையோரிடம் காணப்படும் நம்பிக்கை ஒரே தன்மையதன்று என்று அவர் காட்டினார். பிரச்சினையின் பெருமையை மறுத்து, எல்லாம் சரியாகிவிடும் என்று அமைதி கொள்வது ஒருவகை. ஆபத்தை ஏற்றுக்கொண்டு, செயலிலும் பிறரது செயலிலும் பற்றுக்கோடு காண்பது மற்றொருவகை. செயலார்வத்தோடு இசைந்து நின்றது இரண்டாவதே. ஆகவே பொய்யான ஆறுதல் அறத்துக்கும் புறம்பானது, பயனுமற்றது. அச்சத்தை மாத்திரம் ஊட்டுவதும் அவ்வாறே. மாணவனோடு சேர்ந்து அவனுடைய கவலையைத் தாங்கி, செய்யத்தக்கது ஒன்றையேனும் கண்டறிவதே ஆசிரியனுக்குரிய நடுவழியாகும்.

அண்மைக்கால ஆராய்ச்சி பெரிதும் வற்புறுத்துவதும் இதையேயாம். மார்த்தா மன்றோவும் பிறரும் 2017 இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, பயனளித்த காலநிலைக் கல்வித் திட்டங்களின் பொதுப் பண்புகளை வகுத்தது. பாடம் மாணவரின் வாழ்வோடு பொருந்தியிருந்தது; அவர்களை ஈடுபடுத்தும் முறைகள் கையாளப்பட்டன; விவாதத்துக்கு இடமிருந்தது; விஞ்ஞானிகளோடு நேரிற் பழக முடிந்தது; பிழையான விளக்கங்கள் எதிர்கொள்ளப்பட்டன; பாடசாலையிலோ ஊரிலோ ஒரு பணி நிறைவேற்றப்பட்டது. மேலிருந்து விஞ்ஞானத் தரவுகளை மட்டும் இறக்கும் முறை பெரிதும் பயன் தரவில்லை என்றும், சிறுவருக்குக் குரலும் செயலில் ஒரு கையும் வேண்டும் என்றும் 2020 இல் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த ரூசல், கட்டர்-மக்கென்சி-நோல்ஸ் ஆகியோர் முடிவுகட்டினர்.

ஆனால் இப்போக்கிலும் அறம்பற்றிய ஒரு சிக்கல் உண்டு. 2019 இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நடந்த ஆய்வொன்று, பாடசாலையிலே காலநிலை பற்றிக் கற்ற பிள்ளைகள் தம் பெற்றோரின் அக்கறையையும் உயர்த்தினர் என்றும், பழைமைவாதப் போக்குடைய பெற்றோரிடையே அம்மாற்றம் மிகுந்திருந்தது என்றும் கண்டது. மகிழத்தக்க முடிவே. ஆயினும் அரசும் கம்பனியும் செய்யத் தவறியதைப் பிள்ளையின் வாயிலாகச் செய்விப்பது எம்மட்டுக்கு நேர்மை? 2018 ஓகஸ்டில் பதினைந்து வயதுச் சிறுமி கிரேட்டா துன்பேர்க் சுவீடன் நாடாளுமன்றத்தின் முன் தனியே அமர்ந்தபோது உலகம் கைதட்டியது. கைதட்டியவர்களுள் ஆட்சி அதிகாரம் படைத்தோரும் இருந்தனர் என்பதே வெட்கத்துக்குரியது. சிறுவரின் குரலைப் போற்றுதல், பெரியோர் தம் கடமையைக் கைகழுவுவதற்கு உபாயமாகிவிடலாகாது.

மேலும், மேலே குறிப்பிட்ட ஆய்வுகளுட் பெரும்பாலானவை செல்வ நாடுகளின் வகுப்பறைகளிலே பிறந்தவை. அங்கும் நிலைமை சீரானதன்று. 2016 இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வந்த ஆய்வின்படி, அமெரிக்க விஞ்ஞான ஆசிரியர் பத்துப்பேரில் ஏறத்தாழ மூவர், அண்மைய வெப்ப உயர்வு இயற்கையாக நேர்ந்திருக்கக்கூடும் என்று கற்பித்துவந்தனர். 2021 இல் யுனெஸ்கோ நூறு நாடுகளின் பாடவிதானங்களை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 47 பங்கானவற்றிலே காலநிலை மாற்றம் பற்றிய குறிப்பே இருக்கவில்லை. அதே ஆண்டில் அந்நிறுவனம் வினவிய ஆசிரியருள் நூற்றுக்கு 95 பேர் இப்பாடம் முக்கியமானது என்றனர். அதைக் கற்பிக்கும் தன்னம்பிக்கை உடையோர் நூற்றுக்கு 40 பேருக்கும் குறைவு. அந்தக் குறைவில் நாமும் உள்ளடங்குவோம். எமது நாட்டிலும் இவ்விடயம் விஞ்ஞானத்துக்கும் புவியியலுக்கும் உரியதாகவே கருதப்படுகிறது. வரலாற்றாசிரியர் நிலக்கரியைத் தொடுவதில்லை. தமிழாசிரியர் எழுவாயைத் தேடுவதில்லை. பரீட்சையோ எவரையும் காத்திருப்பதில்லை.

எமது சிறு அனுபவத்தைக் கூறி இதனை நிறைவுசெய்தல் தகும். மேற்சொன்ன மாணவனின் கேள்விக்கு அன்றே விடைகூற முடியாத நாம், மறுவாரம் கட்டுரைக் கொப்பிகளை மீண்டும் கேட்டு வாங்கினோம். ‘மனிதன்’ என்ற சொல் வந்த இடமெல்லாம் அடிக்கோடிட்டு, யார் என்று கேட்டு எழுதிவரச் சொன்னோம். விடைக்காக அவர்கள் விஞ்ஞான ஆசிரியரிடமும் வரலாற்று ஆசிரியரிடமும் சென்றனர். பிறகு ஊர் முதியோரிடம் விதைப்பு நாட்களையும் மழை நாட்களையும் கேட்டு எழுதிவந்து, நீர்ப்பாசன அலுவலகத்து மழைப் பதிவேட்டோடு ஒப்பிட்டனர். முதியோரின் நினைவும் பதிவேடும் சில இடங்களில் ஒத்தும் சில இடங்களில் முரண்பட்டும் நின்றன. முரண்பட்ட இடங்களிலேயே வகுப்பு உயிர்பெற்றது. பிள்ளை பெற்றோருக்குக் கற்பிப்பதைப் போலவே, வானம் பார்த்து வாழ்ந்த பெற்றோரும் பாடசாலைக்குக் கற்பிக்கத்தக்கவர் என்பது அப்போது விளங்கிற்று.

அந்தத் தேட்டத்தின்போது மாணவர் மற்றோர் உண்மையையும் கண்டனர். வயல்நீர் வடிந்து செல்லவேண்டிய வாய்க்கால் பல ஆண்டுகளாகத் தூர்ந்து கிடந்தது. மழையின் கடுமைக்குப் பின்னால் நெடுந்தொலைவிலுள்ள புகைபோக்கிகள் இருக்கலாம்; நீர் வடியாமைக்குப் பின்னால் இருந்தவை அண்மையிலுள்ள அலுவலகங்களும் அசட்டையாயிருந்த ஊரவரான நாமுமே. அவர்கள் பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினர். அதில் ‘மனிதனின் பேராசை’ இல்லை. வாய்க்காலின் பெயரும், தூர்ந்த நீளமும், பாதிக்கப்பட்ட வயல்களின் தொகையும், செய்யவேண்டியவரின் பதவியும் இருந்தன. வாய்க்கால் முழுவதும் துப்புரவாயிற்றா என்றால், இல்லை; பாதிதான். மறுபாதிக்காக அடுத்த வகுப்பினர் மீண்டும் எழுதினர்.

இதனாற் புவியின் வெப்பம் குறைந்துவிட்டது என்று எவரும் எண்ணப்போவதில்லை. வாய்க்காலைத் தூர்வாரி மேலைநாட்டின் நிலக்கரிக் கணக்கை அடைக்க முடியாது. அந்தக் கணக்கைத் தீர்ப்பது அரசியல். நீண்ட, கூட்டுப் போராட்டத்தின் பாற்பட்டது. ஆனால் அப்போராட்டத்துக்கு வேண்டியவர், தம்மேல் இல்லாத குற்றத்தைச் சுமந்து கூனியவரும் அல்லர், பிறரைக் கைநீட்டிவிட்டுச் சும்மா இருப்பவரும் அல்லர். எது எம் பிழை, எது எம் பிழையன்று, பிழையில்லாவிடினும் எது எம் பணி என்று பகுத்தறியத் தெரிந்தவரே வேண்டும். அவர்களை உருவாக்குவதே காலநிலைக் கல்வியின் அறம் என்று நாம் கருதுகிறோம்.

“பிறகேன் சேர் எங்கட வயல் அழிஞ்சது?” என்ற கேள்வி எமது வகுப்பறைகளில் இனியும் எழும். எழவேண்டும். அது எழும்போது, எல்லோருக்கும் பங்குண்டு என்று கூறி அமரச் செய்யாதிருப்போமாக. நின்றபடியே கேள் என்று கூறுவோம். விடையைத் தேட நாமும் அவனோடு எழுந்து நிற்போம்.